மேற்கே ஒரு சிவப்புப் பொட்டு

பேட்டரிப் படம் மட்டும் வந்திருக்கிறது, அதற்குள் ஒரு சிவப்புக் கீற்று கொஞ்சம் ஏறுகிறது, பிறகு திரை முழுக்க அணைந்துவிடுகிறது, மறுபடி படம் வருகிறது. "பழைய போனு சாரே, அரை மணிக்கூர் ஆவும், அப்பத்தான் முழிச்சு உணரும்" என்று சொல்லிவிட்டு ஆன்சி ஜெராக்ஸ் மிஷினுக்குத் திரும்பிவிட்டாள். அரை மணி நேரம் என்று அவள் சொன்னதும் எனக்கு நிம்மதியாக இருந்ததா என்று உள்ளே தேடிப் பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. கடைக்குள் ஒரு ஃபேன், ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், அதில் நான். வெளியே வெயில், வெயிலுக்கு அப்பால் மாதா கோயில் சுவர், சுவருக்கு அப்பால் கடல் இருக்க வேண்டும், சத்தம் வருகிறது. அவள் வாங்கிக் கொடுத்த டீயைக் கையில் வைத்திருக்கிறேன், சூடா ஆறிவிட்டதா என்று விரல் சொல்ல மாட்டேன் என்கிறது. ஒன்பது நாளாகவே இப்படித்தான், பல் தேய்க்கிறேன், பஸ் ஏறுகிறேன், யாராவது கேட்டால் பதில் சொல்கிறேன், எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு கண்ணாடி. இந்த போனில்தான் அவள் அந்த வீடியோவை எடுத்தாள், எட்டு மாசத்துக்கு முன்னால், கோயில் வாசலில் நின்றுகொண்டு, இருபத்திரண்டு நொடி. நான் பார்க்க வந்தது வீடியோவை அல்ல, அதை நூறு தடவை பார்த்தாகிவிட்டது. அதற்குக் கீழே போனே எழுதி வைத்திருக்கும் தேதியை. சனிக்கிழமை என்றிருந்தால் நான் இரவு பஸ்ஸில் சென்னைக்குப் போய்ச் சோறு தின்று தூங்கலாம். வெள்ளிக்கிழமை என்றிருந்தால், இந்தப் புன்னைமுனையிலிருந்து கடலுக்குப் போன கிளீட்டஸ் என்ற மனிதர் உதவி கேட்டு விட்ட வெளிச்சத்தை, நான் ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு நட்சத்திரம் என்று எழுதி அணைத்துவிட்டேன் என்று அர்த்தம்.

இருட்டுக் கடல், மேலே சாம்பலாக ஒரு வானம், அடிவானத்துக்குக் கொஞ்சம் உயரத்தில் சிவப்பாக ஒரு பொட்டு. படம் ஆடுகிறது. ஓரத்தில் ஒரு தென்னை ஓலை. "ஏலியன்லே, ஏலியன்! இறங்குது பாருலே!" என்று ஒரு பையன் கத்துகிறான், ஒரு பெண் சிரிக்கிறாள், பின்னால் கோயில் ஒலிபெருக்கியில் ஏதோ ஜெபம், கடைசி நொடியில் பொட்டு இல்லாமல் போகிறது, "போச்சு" என்கிறாள் அந்தப் பெண், சிரிப்பை நிறுத்தாமல். அவ்வளவுதான். சனிக்கிழமை இரவு இது எனக்கு வந்தபோது முந்நூறு பேர் கைமாறி வந்திருந்தது, இரண்டு சேனல்கள் கீழே சிவப்புப் பட்டை போட்டு 'குமரிக் கடலில் பறக்கும் தட்டு?' என்று ஓட்டிக்கொண்டிருந்தன. எங்கள் பத்திரிகையின் சரிபார்ப்புப் பிரிவில் நானும் வேதவல்லி மேடமும்தான், மேடம் கதவருகே நின்றுகொண்டு, "நவநீதா, இதை ஒரு மணி நேரத்துல கொன்னுடுவியா?" என்று கேட்டார். நாற்பது நிமிஷத்தில் கொன்றேன். கோப்பின் பெயரிலேயே தேதி இருந்தது, சனிக்கிழமை. ஜெபம் கேட்கிறது, ஆக மாலை ஏழு மணி வாக்கில். வானப் படம் காட்டும் மென்பொருளில் ஊரையும் நாளையும் நேரத்தையும் போட்டேன், மேற்கே, கடலுக்கு மேலே, சுக்கிரன் பளிச்சென்று நின்றது. அடிவானத்துப் புழுதியில் சிவந்து தெரியும், கை ஆடுவதால் இறங்குவதுபோல் தோன்றும், அன்றைக்கு வானம் தெளிவு, மேகப் படத்தை எடுத்துப் பக்கத்தில் ஒட்டினேன். தலைப்பும் நானே வைத்தேன், 'ஏலியன் இல்லை, சுக்கிரன்!' அந்தச் சனிக்கிழமைக்கு முந்தைய வியாழக்கிழமை விடிகாலையில் கிளீட்டஸ் தனியாக வள்ளத்தில் போயிருந்தார், கூடப் போகிறவருக்குக் காய்ச்சல். வியாழன் இரவு காற்று அடித்தது. சனிக்கிழமை காலையில் தேட ஆரம்பித்தார்கள், அவர் வழக்கமாகப் போகும் தெற்குப் பக்கமாக. ஞாயிற்றுக்கிழமை அவருடைய தம்பி, வெளிச்சம் மேற்கே தெரிந்ததே, அங்கேயும் போய்ப் பார்க்கலாமே என்று கேட்டிருக்கிறார். யாரோ ஒரு அதிகாரி என் கட்டுரையை போனில் எடுத்துக் காட்டியிருக்கிறார். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. எனக்குத் தெரிந்தது, பத்து நாள் கழித்து, 'தங்கள் விளக்கத்தால் வதந்தி அடங்கித் தேடுதல் பணி சிதறாமல் நடந்தது' என்று அந்த அதிகாரியின் அலுவலகத்திலிருந்து வந்த ஒரு நன்றிக் கடிதம். மேடம் அதை அச்செடுத்துச் சுவரில் ஒட்டினார். வள்ளம் ஆறாம் நாள் மேற்கே கிடைத்தது, ஆள் இல்லாமல். அந்தச் செய்தி எங்கள் பத்திரிகையிலேயே உள்பக்கத்தில் நாலு வரி வந்தது, நான் அதைப் படித்தேன், ஐயோ என்றுகூட நினைத்தேன், இரண்டையும் சேர்த்து நினைக்கவில்லை.

"ஆதார் ரெண்டு பக்கமும் ஒரே பேப்பர்ல எடு பிள்ளே" என்று ஒரு அம்மாள் வந்து நிற்கிறார், என்னைப் பார்த்துவிட்டு ஆன்சியிடம் கண்ணால் கேட்கிறார். "மெட்ராஸ்லருந்து வந்திருக்காவ, அந்த ஏலியன் வீடியோவுக்கு" என்கிறாள் அவள். "ஆ, இத்தர நாளு கழிச்சா? அதுவ திரும்ப வந்திருச்சோ?" என்று அந்த அம்மாள் சிரிக்க, நானும் சிரிக்கிறேன், என் முகம் அதைத் தானாகச் செய்கிறது. நல்ல கேள்வி. என் வேலையே இப்படிச் சிரிப்பாகத்தான் இருந்தது. தேனிப் பக்கம் வாழைத்தோப்பில் விழுந்த வெள்ளைப் பெட்டிக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து ஒரு வாரம் பூசை நடந்தது, அது வானிலை பலூனோடு போன கருவி, நான் போய்ச் சொன்னதும் பூசாரி, "இருக்கட்டும் தம்பி, மேல இருந்துதானே வந்துச்சு" என்றார். ஒரு ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் வரிசையாகப் போன நாற்பத்தோரு விளக்குகளை எண்ணி, நேரத்தோடு நோட்டில் எழுதி வைத்திருந்தார், செயற்கைக்கோள்கள் என்றதும் நோட்டை மெல்ல மூடினார். ஏசி பஸ் கண்ணாடியில் தெரிந்த ட்யூப்லைட் ஒன்று மூன்று மாவட்டங்களில் பறந்திருக்கிறது. நான் யாரையும் கேலி செய்ததில்லை, சத்தம் போட்டுப் பேசவே எனக்கு வராது, ஆனால் ஒவ்வொன்றும் முடிந்ததும் நெஞ்சுக்குள் ஒரு சின்ன சொடக்கு விழும், விளக்கை அணைக்கிற மாதிரி, அது இனிப்பாக இருக்கும். சின்ன வயசில் தாத்தா கொள்ளிவாய்ப் பேய் கதை சொல்லுவார், கண்மாய்க் கரையில் ஒரு வெளிச்சம், அதன் பின்னாலேயே போன ஒருத்தி. ஒவ்வொரு தடவையும் கண்மாய் வேறு, ஒருத்தியின் பெயர் வேறு, வெளிச்சம் மட்டும் அதேதான். வேலைக்குச் சேர்ந்த முதல் மாசத்தில் நான் எழுதியது அதைப் பற்றித்தான், சேற்று வாயு, தானாகப் பற்றும், பேய் இல்லை. ஊருக்குப் போனபோது தாத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "சரிப்பா, அந்தப் பிள்ளை வீட்டுக்கு வந்தாளா, இல்லையா?" என்றார். கதை கேட்கிற ஆர்வத்தில் கேட்டதுதான், வேறு ஒன்றும் இல்லை. நான் சிரித்துவிட்டேன். என் கட்டுரையில் அவள் இல்லவே இல்லை, வெளிச்சம் மட்டும்தான் இருந்தது. இருநூற்றுப் பதினேழு கட்டுரை எழுதியிருக்கிறேன், ஒன்றிலாவது பார்த்தவனைத் தேடிப் போய், ஐயா, அப்போது நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டேனா, தேனிக்குப் போனேன், வாத்தியாரிடம் போனேன், இந்த ஒன்றுக்குப் போகவில்லை, ஒரு மணி நேரம் என்று சொன்னார்கள், நாற்பது நிமிஷத்தில் முடிந்துவிட்டது, மிச்ச இருபது நிமிஷம் என்ன செய்தேன், கேன்டீனில் பஜ்ஜி தின்றேன். அது நினைவிருக்கிறது. வாழைக்காய் பஜ்ஜி.

ஒன்பது நாளைக்கு முன்னால் புதிய ஆட்களுக்குப் பாடம் நடத்தச் சொன்னார் மேடம், எப்படிச் சரிபார்ப்பது என்று ஒரு உதாரணம் காட்டு என்றார். நான் இதைத்தான் எடுத்தேன், இதுதான் சுத்தமாக முடிந்தது. திரையில் சிவப்புப் பொட்டு ஓடிக்கொண்டிருந்தபோது பக்க வடிவமைப்பில் இருக்கும் ரெஜினா எதற்கோ உள்ளே வந்தவள் அப்படியே நின்று, "இன்னொரு வாட்டி சவுண்டா வைங்க" என்றாள். வைத்தேன். "அது ஒன்பதாம் ஸ்தலம். சிலுவைப்பாதை நடக்குது, ஏசு சிலுவை சுமந்து போனதைப் பதினாலு இடமாப் பிரிச்சு முட்டுப்போட்டு ஜெபிக்கிறது. ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம்தானே அப்ப?" எனக்குப் புரியவில்லை. "தவக்காலத்துல வெள்ளிக்கிழமைதாங்க சிலுவைப்பாதை, எல்லாக் கோயில்லயும். சனிக்கிழமை எவன் வைப்பான்?" அவள் அதை மிகச் சாதாரணமாகச் சொன்னாள், என்னவோ என் சட்டையில் பட்டன் மாறியிருக்கிறது என்பது போல, சொல்லிவிட்டு ஸ்டேப்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். புதிய பிள்ளைகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏதோ ஜெபம் என்று நான் எழுதியிருந்தேன். ஏதோ. அந்த ஒலிபெருக்கியில் ஒரு ஊரே முட்டுப்போட்டு எழுந்துகொண்டிருந்தது, அதில் நாளே இருந்தது, நான் அதிலிருந்து நேரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிட்டேன். பிறகுதான் கோப்பின் பெயரை மறுபடி பார்த்தேன். வாட்சப்பில் வரும் வீடியோவின் பெயரில் இருப்பது அது எடுத்த நாள் இல்லை, வந்து சேர்ந்த நாள், இது எனக்குத் தெரியாததா, நானே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான், அன்றைக்குத் தெரிந்தது எங்கே போயிற்று. வெள்ளிக்கிழமை மேகப் படத்தை எடுத்துப் பார்த்தேன், இந்தக் கரை முழுக்க வெள்ளை, ஊசி நுழைய இடமில்லை. அந்த மேகத்துக்கு இந்தப் பக்கம் சுக்கிரன் வராது. ஆளில்லாத வள்ளத்தைப் பற்றிய அந்த நாலு வரி அப்போதுதான் நினைவுக்கு வந்தது, மீன்துறையில் ஒவ்வொருவராக போன் போட்டு விசாரித்தேன். ஆபத்தில் மாட்டினால் விடுவதற்கென்று ஒரு குழல் உண்டாம், நுனியை இழுத்தால் சிவப்பாக எரிவது ஒன்று மேலே போய், சின்னக் குடையில் தொங்கிக்கொண்டு நாற்பது நொடி மெல்ல இறங்குமாம். ஏதோ பயிற்சியில் கிளீட்டஸுக்கு இரண்டு கொடுத்திருக்கிறார்கள். ஊரில் யாரும் அதை விட்டுப் பார்த்ததில்லை. மேடத்திடம் சொன்னேன். அவர் கணினியைப் பார்த்துக்கொண்டே, "உறுதியா தெரியாம எதுவும் எழுதாதே, போய்ப் பாத்துட்டு வா" என்றார். ஆமாம், உறுதியாகத் தெரிய வேண்டும். யாராவது பழைய ஒலிப்பதிவைப் போட்டிருக்கலாம். சனிக்கிழமை ஒத்திகை வைத்திருக்கலாம். ஒன்பது நாளாக இந்த இரண்டு 'லாம்'களைத்தான் மாற்றி மாற்றி மென்றுகொண்டிருக்கிறேன், ருசி போய்ச் சக்கையாகிவிட்டது, துப்பவும் வரவில்லை.

சின்னதாக ஒரு மணியோசை, போன் விழித்துவிட்டது. ஆன்சி கையைச் சுடிதாரில் துடைத்துக்கொண்டு வந்து கோடு போட்டுத் திறந்தாள், விரிசல் விட்ட கண்ணாடிக்குள் பழைய முகங்கள் ஓடின, ஒரு கல்யாணம், ஒரு பூனை, ஐந்தாறு பூனை, பிறகு இருட்டுக் கடல். "இந்தா இருக்கு. என்ன பாக்கணும்?" கீழே தள்ளச் சொன்னேன். என் குரல் ஒழுங்காகத்தான் வந்தது. தள்ளினாள். வெள்ளி, மாலை ஏழு மணி நாலு நிமிஷம். நான் அதைப் படித்தேன். மறுபடி படித்தேன். உள்ளே ஏதாவது உடைய வேண்டும் என்று காத்திருந்தேன், ஃபேன் சுற்றியது, வெளியே ஒரு ஸ்கூட்டர் போயிற்று. "வெள்ளிக்கிழமை" என்றேன். "ஓம்" என்றாள் அவள், இதிலென்ன என்பதுபோல. "ரீசார்ஜ் தீந்துபோயிருந்துச்சு, அதனால மறுநாள்தான் குரூப்புல போட்டேன். நீங்க சனின்னு எழுதியிருந்திய. நாங்க அப்பமே பேசிக்கிட்டோம், பேப்பர்காரன் கிழமைய மாத்திட்டான்னு." நாங்கள் என்றால் யார் என்று கேட்டேன். "ஊருதான். எல்லாரும்தானே பாத்தோம்." அப்படியானால் ஏன் ஒருத்தர்கூடச் சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்தேன், யாரிடம் சொல்வார்கள், கட்டுரைக்குக் கீழே என் பெயர் மட்டும்தான் இருந்தது. "எந்தக் கிழமையா இருந்தா என்ன சாரே, நட்சத்திரம் என்னைக்கும் நட்சத்திரம்தானே? கிளீட்டஸ் அண்ணனுக்க தம்பிகூட எங்கிட்ட வந்து கேட்டாரு, நான் உங்களுக்க கட்டுரையத்தான் வாசிச்சுக் காட்டினேன், படிச்சவிய எழுதியிருக்காவ அண்ணே, மனசப் போட்டுக் குழப்பாதியன்னு. பிலோமி அக்காளுக்கும் அப்பந்தான் கொஞ்சம் ஆறுதல்." பிலோமி என்பது கிளீட்டஸின் மனைவி. ஆன்சி நன்றி சொல்வதுபோல் சிரித்தாள். வீடியோவில் கேட்ட அதே சிரிப்பு. இத்தோடு எழுந்து போய்விடலாம் என்று தோன்றியது, தேதியைப் பார்த்தாயிற்று, வந்த வேலை முடிந்தது, மேடத்திடம் சொன்னால் இரண்டு வரியில் ஒரு திருத்தம் போடுவார், அதை யாரும் படிக்க மாட்டார்கள், இந்தப் பெண் வாழ்நாள் முழுக்க நட்சத்திரம் என்றே நினைத்துக்கொண்டிருக்கட்டும், அது இரக்கம்தானே, இரக்கம் என்று இதற்குப் பெயர் வைக்கலாமா, பெயர் வைப்பதில் நான் கெட்டிக்காரன். என் வாய், "அன்னைக்கு வானம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டது. "வானமா? மூடிக் கிடந்துச்சு. சாயங்காலம் தூறல் போட்டு, காயப்போட்ட நெத்திலிய வாரிக்கிட்டு ஓடுனோம் நானும் அம்மையும்" என்று சொல்லிக்கொண்டே வந்தவள், ஓடுனோம் என்ற இடத்தில் நின்றாள். மிஷினில் சிக்கிய தாள் ஒன்று கரகரவென்று சத்தம் போட்டது, அவள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. போனைப் பார்த்தாள், வெளியே, இப்போது சுத்தமாக நீலமாக இருந்த வானத்தைப் பார்த்தாள். "நட்சத்திரம் இல்லையா?" என்றாள். இல்லை என்றேன். "அப்பம் அது என்ன?" குழலையும் குடையையும் நாற்பது நொடியையும் சொன்னேன். எனக்குப் பழக்கமான குரலில், படிப்படியாக, ஒரு தப்பும் இல்லாமல் விளக்கினேன். அவள் கையிலிருந்த போனின் திரை அணைந்தது. "நான் சிரிச்சிட்டிருக்கேன் சாரே அதுல" என்றாள். பிறகு மிஷினை அணைத்து, ஷட்டரைப் பாதி இறக்கி, "வாங்க, அக்கா வீடு பக்கத்துலதான். நீங்க சொல்லணும். நான் ஒருக்கா வாசிச்சுக் காட்டியாச்சு, இனி என்னால ஏலாது" என்று முன்னால் நடந்தாள்.

நாலு வீடு தள்ளி. மணல் செருப்புக்குள் ஏறியது, சுட்டதா என்று தெரியவில்லை. வீட்டுக்குப் பக்கத்து நிழலில் ஒரு பெண் குந்தி உட்கார்ந்து மீன் தலை கிள்ளிக்கொண்டிருந்தார், முப்பத்தைந்து வயசு இருக்கலாம், நான் இவ்வளவு நாளும் வயதானவராக நினைத்திருந்தேன். "யாரு பிள்ளே?" "அந்தக் கட்டுரை எழுதினவிய, அக்கா." "ஓ, நம்ம நட்சத்திரக்காரரா. இரிங்க தம்பி. ஆன்சி, அந்தக் கசேரய இழுத்துப் போடு." நான் உட்காரவில்லை. பஸ்ஸில் பதினாலு மணி நேரம் வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தேன், வாய்ப்பு இருக்கிறது, கருத இடமுண்டு, வருந்துகிறோம், எல்லாம் எங்கோ போய்விட்டன. "நான் எழுதினது தப்பு அக்கா" என்றேன். "அது நட்சத்திரம் இல்ல. உதவி கேட்டு அவர் விட்ட வெடி. என்னாலதான் அந்தப் பக்கம் தேடாம விட்டுட்டாங்க." அவர் விரல்கள் நின்றன. அழுவார், அடிப்பார், வெளியே போ என்பார், எதற்கும் தயாராக, எதையும் உணராமல் நின்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை, மணலில் ஏதோ கணக்குப் போடுவது போல் பார்த்துக்கொண்டிருந்தார். "வியாழக்கிழம ராத்திரி காத்துல வள்ளம் மறிஞ்சிருக்கும், கஷ்டப்படாமப் போயிருப்பாருன்னுதான் எல்லாரும் சொன்னாவ" என்றார் மெதுவாக. "அப்பம் வெள்ளிக்கிழம ஏழு மணிக்கு அவரு இருந்திருக்காரு." இருந்திருக்கிறார் என்றேன். "இருந்து, இஞ்ச கரையப் பாத்திருக்காரு." ஆன்சி வேறு பக்கம் திரும்பி நின்றாள். பிலோமி அக்கா கையைத் தண்ணீரில் முக்கினார், எடுத்தார், துடைக்கவில்லை. "நான் கோயில்ல முட்டுப்போட்டுட்டு நின்னேன் தம்பி. வெளிய பிள்ளைய கூப்பாடு போட்டுதுவ. என்னன்னு வாசலுக்கு வந்து நானும் பாத்தேன். எத்தன அழகா இருந்துச்சுன்னு நினச்சிட்டு உள்ள போயிட்டேன்." நீர் முழங்கை வழியாக இறங்கி மணலில் விழுந்துகொண்டிருந்தது. பிறகு, என்னிடம் இல்லை, அந்தப் பெண்ணிடம் சொன்னார், "ஆன்சி, கல்லறைத் தோட்டத்துல அவருக்க கல்லுல வியாழக்கிழமத் தேதியத்தானே வெட்டி வச்சிருக்கு. அத மாத்தணும் பிள்ளே."